தமிழ் 99 கத்துக்கோங்க, விரலுக்கு நல்லது

"சித்தி, இன்னுமா டைப் அடிச்சிட்டு இருக்கீங்க? மைக்கைத் தட்டிட்டுப் பேசினா அதுவே எழுதிடுதே!"

அக்கா பொண்ணு போன வாரம் கேட்டா. அவ சொன்னதுல தப்பில்ல. போன்ல பேசி எழுத வைக்கிறது நிஜமாவே நல்லா வளர்ந்திருக்கு. எங்க அம்மா வயசுக்காரங்க எல்லாம் இன்னைக்கு வாட்ஸாப்ல தமிழ்ல அனுப்புறாங்கன்னா அந்த மைக்தான் காரணம். அதுக்கு எழுந்து நின்னு கும்பிடலாம்.

ஆனா எனக்கு அது ஆகாது. நான் ப்ரூஃப் பார்க்கிறவ. நாள் முழுக்க தமிழ்லதான் வேலை. "பள்ளிக் கூடம்"னு இருக்கிறதை "பள்ளிக்கூடம்"னு மாத்தணும். ஒரு ஒற்று போடணும், ஒண்ணை எடுக்கணும். மைக்கிட்ட போய் "அங்க ஒரு க் போடு"ன்னா போடுமா? ஊர்ப்பேர், ஆள் பேர் வந்தா அது தனக்குத் தெரிஞ்ச பக்கத்து வார்த்தையா பார்த்துப் போட்டுட்டுப் போயிடும். ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்குறப்ப பேசிக்கிட்டும் இருக்க முடியாது.

அதனால பக்கம் பக்கமா தமிழ் எழுதணும்னா விரல்தான். விரல்னா எந்த கீபோர்டுங்கிற கேள்வி வரும். இந்தப் பதிவு முழுக்க அதுதான். என் பதிலை இப்பவே சொல்லிடுறேன்: தமிழ் 99.

(நீங்க வருஷக்கணக்கா இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிற முறையில, அதாவது அஞ்சல் முறை மாதிரி, சரளமா அடிக்கிறவரா? தாராளமா அப்படியே இருங்க. பழகின விரலை மாத்தச் சொல்ல மாட்டேன். இது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும், பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுக்கப் போறவங்களுக்கும்.)

நான் எல்லாத்தையும் அடிச்சுப் பார்த்திருக்கேன். இங்கிலீஷ் வழி முறை, பழைய டைப்ரைட்டர் முறை, பாமினி, இந்திய மொழி எல்லாத்துக்கும் பொதுவா வச்ச இன்ஸ்கிரிப்ட். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல லோயர், ஹையர் பாஸ் பண்ணினவங்களோட வேகத்தைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன், அசந்து போவீங்க. ஆனா அது மெஷினுக்காகப் பிறந்த முறை. "கெ" அடிக்கணும்னா முதல்ல கொம்பை அடிக்கணும், அப்புறம் க. காகிதத்துல இடமிருந்து வலமா என்ன தெரியுதோ அதே வரிசை. கம்ப்யூட்டர்ல எழுத்தைச் சேமிக்கிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அதை வேற மாதிரி வச்சிருக்கு. முதல்ல க, அப்புறம்தான் கொம்பு. நம்ம வாய் சொல்ற வரிசை அது. தமிழ் 99-ம் அதே வரிசைதான். க அடி, எ அடி. "கெ" வந்துடும்.

சரி, இந்த 99 எங்கேர்ந்து வந்துச்சு? தொண்ணூறுகள்ல தமிழ் மென்பொருள் எழுதின ஒவ்வொருத்தரும் ஒரு லே-அவுட், ஒரு ஃபான்ட், ஒரு குறியீட்டு முறைன்னு வச்சிருந்தாங்க. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் திறந்தா குப்பை மாதிரி தெரியும். இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு 1997-ல சிங்கப்பூர்ல முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினவர் நா. கோவிந்தசாமி. அதோட தொடர்ச்சியா 1999 பிப்ரவரியில சென்னையில 'தமிழ்இணையம் 99' மாநாடு. அதுல பேசி முடிவு பண்ணின லே-அவுட்டைத்தான் தமிழ்நாடு அரசு அந்த வருஷமே தரமா அறிவிச்சது. வருஷத்தையே பேரா வச்சாச்சு. கோவிந்தசாமி அதே வருஷம் காலமாயிட்டார். இன்னைக்கு நாம நிம்மதியா தமிழ் அடிக்கிறதுல அந்த மனுஷனுக்குப் பெரிய பங்கு இருக்கு. பேர் தெரியாமலே அடிச்சிட்டு இருக்கோம்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

உயிரெழுத்து 12. மெய் 18. ஒரு புள்ளி. ஆகமொத்தம் 31 கீ. ஷிப்ட் தொடாம தமிழ் முழுசும் முடிஞ்சுது. ஷிப்ட் வேணும்னா ஸ, ஷ, ஜ, ஹ மாதிரி கிரந்த எழுத்துக்கும் ஆய்தத்துக்கும்தான். உயிரெல்லாம் இடது கையில, மெய்யெல்லாம் வலது கையில (வ, ங ரெண்டும் மட்டும் இடப்பக்கம் கீழ் வரிசையில உட்கார்ந்திருக்கும்). "கி"ன்னா வலது ஒண்ணு, இடது ஒண்ணு. "து"ன்னாலும் அதே. ரெண்டு கையும் மாத்தி மாத்தி வேலை செய்யும், ஒரு கை மட்டும் ஓடி ஓடிக் களைச்சுப் போகாது.

இதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது தானா விழுற புள்ளி.

"அம்மா" அடிக்கணுமா? அ, ம, ம, ஆ. நாலு தட்டு. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்துடும். தமிழ்ல இரட்டிப்பு எவ்வளவு வரும்னு யோசிச்சுப் பாருங்க. பக்கம், பட்டம், அப்பா, வெல்லம், எண்ணெய்... வரிக்கு ரெண்டு மூணாவது இருக்கும்.

அதோட நிக்கல. இன எழுத்துக்கும் அதே கதை. ங-வுக்கு அப்புறம் க, ஞ-வுக்கு அப்புறம் ச, ண-வுக்கு அப்புறம் ட, ந-வுக்கு அப்புறம் த, ம-வுக்கு அப்புறம் ப, ன-வுக்கு அப்புறம் ற. இப்படி வந்தா முன்னாடி எழுத்துக்குப் புள்ளி தானா வந்துடும். "நன்றி" அடிக்க ந, ன, ற, இ. நாலே தட்டு! இதையே இங்கிலீஷ் எழுத்து வழியா அடிச்சா அஞ்சு எழுத்து, நடுவுல ற-வுக்கு ஒரு ஷிப்ட் வேற. "பள்ளிக்கூடம்" இங்க பத்து தட்டு. அங்க பதினொண்ணு, கூடவே மூணு ஷிப்ட். ஒரு வார்த்தைக்கு இது ஒண்ணுமே இல்ல. நாள் முழுக்க அடிக்கிறவங்க சுண்டுவிரலைக் கேளுங்க, அது சொல்லும் ஷிப்ட் கணக்கை.

நம்ம இலக்கணத்துல எந்த மெல்லினத்துக்குப் பக்கத்துல எந்த வல்லினம் வரும்ங்கிறதை எடுத்து ஒரு கீபோர்டுக்குள்ள வச்சிருக்காங்களே, அந்த மூளைக்கு நான் ரசிகை.

புள்ளி வேண்டாத இடமும் உண்டு. "பாடட்டும்"னு அடிக்கணும். ட மூணு தடவை வருது, முதல் ட-வுக்குப் புள்ளி கூடாது. என்ன பண்ணணும்னா, முதல் ட அடிச்சதும் ஒரு அ தட்டுங்க. ப, ஆ, ட, அ, ட, ட, உ, ம, புள்ளி. அவ்வளவுதான். அந்த அ, "இந்த எழுத்து முடிஞ்சுது"ன்னு சொல்ற மாதிரி. "மமதை"யும் அப்படித்தான்: ம, அ, ம, த, ஐ. இது தெரியாம முதல் வாரத்துலயே கோவிச்சுக்கிட்டு விட்டவங்க எத்தனையோ பேர். புதுசா கத்துக்கிற யாருக்கும் நான் முதல்ல சொல்ற விஷயம் இதுதான்.

எப்படிப் பழகுறது?

நடு வரிசையில மட்டும் ஆரம்பிங்க. இடது பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலது பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொரு கீயை வச்சே எவ்வளவு வார்த்தை இருக்கு பாருங்க: தம்பி, கத்தி, உப்பு, பந்து, பகுதி, முகம், நகம், இந்த, எந்த. நாலஞ்சு நாள் இதையே அடிங்க. இங்கிலீஷ் எஃப், ஜே கீயில சின்னதா ஒரு மேடு இருக்கும், தடவிப் பாருங்க. எஃப்லதான் புள்ளி, ஜேல ப. ஆள்காட்டி விரல் ரெண்டும் அங்க உட்கார்ந்துட்டா மத்த விரல் தன் இடத்தைத் தானா தேடிக்கும்.

அப்புறம் மேல் வரிசை. அ-வுக்கு மேலயே ஆ, இ-க்கு மேலயே ஈ, உ-வுக்கு மேலயே ஊ, எ-வுக்கு மேலயே ஏ. குறிலுக்கு நேர் மேல நெடில்! நடுவுல புள்ளிக்கு மேல ஐ. மனப்பாடமே வேண்டாம். ஒ, ஓ, ஔ மூணும் கீழ் வரிசை.

கீ மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. கண் எப்பவும் கீழயே போகும், பழக்கம் வரவே வராது. லே-அவுட் படத்தை ஒரு தாள்ல பிரின்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டுங்க. தலை நிமிர்ந்தபடி பார்க்கணும். தினம் இருபது நிமிஷம் உட்கார்ந்தா ஒரு மாசத்துல அந்தத் தாள் பக்கம் கண்ணே போகாது.

கம்ப்யூட்டர்ல இதுக்குப் பணம் கட்ட வேண்டியதில்ல. விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் மொழி அமைப்புக்குள்ள போய்த் தமிழைச் சேர்த்து, அதுக்குள்ள கீபோர்டு பட்டியல்ல 'தமிழ் 99'-ஐத் தேடிச் சேருங்க. (தமிழ்னு சேர்த்ததும் தானா வந்து உட்கார்ந்திருக்கிறது வேற லே-அவுட்டா இருக்கலாம். "அடிச்சேன், என்னமோ வருது"ன்னு எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான்.) மொழி மாத்த விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும். மேக், ஐபோன்ல அஞ்சல், தமிழ் 99 ரெண்டும் உள்ளயே இருக்கு. லினக்ஸ்காரங்களுக்கு ஐபஸ்ல எம்17என் தொகுப்பு போட்டா தமிழ் 99 வந்துடும். தனி மென்பொருள் வேணும்னா முகுந்தராஜோட இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.ஹெச்.எம். ரைட்டர், அழகி பிளஸ் எல்லாமே இலவசமா வந்தவை. பழைய டைப்ரைட்டர் கை இருக்கிறவங்களுக்கு என்.ஹெச்.எம். ரைட்டர்ல அந்த லே-அவுட்டும் உண்டு. ஆண்ட்ராய்டுல முத்து நெடுமாறனோட செல்லினம். போன்ல மட்டும் நான் எதையும் வற்புறுத்த மாட்டேன். கட்டைவிரல் ரெண்டுக்கு எது வசதியோ அது.

லேப்டாப் வாங்கப் போறீங்கன்னா ஒரு விஷயம். கடைக்காரர் ப்ராசசர், ரேம்னு அடுக்குவார். நீங்க கீபோர்டோட வலது ஓரத்தைப் பாருங்க. தமிழ் 99-ல ண, ச, ஞ, ந, ய, ழ இத்தனையும் வலது சுண்டுவிரல் பக்கம் இருக்கு. இங்கிலீஷ்ல பி, அடைப்புக்குறி ரெண்டு, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இருக்கிற கீ எல்லாம். இங்கிலீஷ் அடிக்கிறவங்களுக்கு பி தவிர அந்த ஓரக் கீ அபூர்வம். அதனாலயே சில மாடல்ல இடம் மிச்சம் பிடிக்க அதையெல்லாம் இத்துனூண்டா சுருக்கி வச்சிருப்பாங்க. நமக்கோ ந-வும் ச-வும் ய-வும் இல்லாம ஒரு வரி நகராது. கடையிலயே நோட்பேடைத் திறந்து அந்த ஓரத்தை நாலு தடவை தட்டிப் பாருங்க. சுண்டுவிரல் தடுமாறினா அந்த மாடல் வேண்டாம். தனி கீபோர்டு வாங்குறவங்களுக்கும் இதேதான். ரொம்பக் குட்டியா, கீ குறைச்ச மாடல்ல ஏதாவது ஒரு தமிழெழுத்து காணாமப் போயிடும்.

இனி என்னை நிஜமாவே எரிச்சல் படுத்துற விஷயம்.

போன மாசம் ஒரு பெயர்ப் பட்டியல் என்கிட்ட வந்துச்சு. அகர வரிசையில அடுக்கணும். அடுக்கினா "கௌரி" ரெண்டு இடத்துல நிக்கிறாங்க. ஒரு கௌரி "கோ"-வுக்கு அப்புறம், சரியான இடத்துல. இன்னொரு கௌரி "கெ" வரிசையில. திரையில பார்த்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு.

காரணம் இதுதான். ரெண்டாவதை அடிச்சவர் க, எ, ள, ரி-ன்னு அடிச்சிருக்கார். கண்ணுக்கு "கெளரி" கௌரி மாதிரியேதான் தெரியும். மெஷின் அதைக் கெ-ள-ரி-ன்னு மூணு எழுத்தா படிக்கும். நீங்க தேடல்ல கௌரின்னு போட்டா அந்தப் பொண்ணு கிடைக்கவே மாட்டா. ஔவையாருக்கும் இதே கதி. ஒ-வும் ள-வும் சேர்த்து "ஒளவையார்"னு அடிச்சா, தமிழ்க் கிழவி ஒ வரிசையில போய் நிப்பாங்க. புத்தகத் தலைப்பு, பொருளடக்கம், பேர்ப் பலகைன்னு இது இல்லாத இடமில்ல.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கு. அந்த எழுத்துக்குப் பின்னாடி கர்சரை வச்சு பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்க. "கௌ" சரியா இருந்தா க மட்டும் மிஞ்சும். "கெ" மிஞ்சினா அது போலி. ஔ சரின்னா மொத்தமா மறையும். ஒ நின்னுச்சுன்னா தப்பு. தமிழ் 99-ல ஔ-வுக்குத் தனி கீயே இருக்கு, இடது கீழ் மூலையில முதல் கீ. க அடிச்சு அதைத் தட்டினா ஒழுங்கான கௌ. குழப்பத்துக்கே வழியில்ல.

இன்னொண்ணு, "ரி"-க்குப் பதிலா கால் போட்டு அதுமேல கொக்கி, "ர்"-க்குப் பதிலா கால் போட்டு அதுமேல புள்ளி. பழைய ஃபான்ட்ல அடிச்சதை யூனிகோடுக்கு மாத்தின கோப்புல இது கொட்டிக் கிடக்கும். அந்தக் கால ஃபான்ட்ல ர-வோட காலை எடுத்துட்டா துணைக்காலும் அதுவும் ஒரே உருவம். எது கைக்கு வந்துச்சோ அதை அடிச்சாங்க. அச்சுல வந்தப்ப யாருக்கும் தெரியல. இன்னைக்குத் தேடுறப்பதான் பல்லைக் காட்டுது. அப்படி ஒரு கோப்பு வந்தா நான் முதல்ல செய்றது இதுதான்: கண்டுபிடிச்சு மாத்துற வசதியில அந்தக் கால்-கொக்கியைப் போட்டு மொத்தமா "ரி" ஆக்கிடுவேன், அடுத்து கால்-புள்ளியை "ர்".

பழைய ஃபான்ட்னு சொன்னதும் உங்க வீட்டு டிஸ்கைப் பத்தியும் ஒரு வார்த்தை. பாமினியில "அம்மா"ன்னு அடிச்சு வச்ச கோப்புக்குள்ள நிஜமா இருக்கிறது என்ன தெரியுமா? இங்கிலீஷ் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அவ்வளவுதான். பாமினி ஃபான்ட் அந்த எம்முக்கு அ-ன்னு ஒரு படம் போட்டுக் காட்டுது, அரைப்புள்ளிக்குப் புள்ளி, ஹெச்சுக்குக் கால். ஃபான்ட் இல்லாத மெஷின்ல அம்மா காணோம், வெறும் இங்கிலீஷ் குழப்பம். இலங்கைத் தமிழ் எழுத்துல ஒரு தலைமுறை முழுக்க பாமினியில இருக்கு. நம்ம ஊர் அரசு அலுவலகக் கோப்பு நிறைய வானவில்ல, அச்சகக் கோப்பு ஷ்ரீலிபி மாதிரி ஃபான்ட்ல. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ங்கிற குறியீட்டு முறையையும் தரமா அறிவிச்சாச்சு. ஆனாலும் பேஜ்மேக்கர் வச்சிருக்கிற டி.டி.பி. கடையில இன்னும் பழைய ஃபான்ட்தான். அந்த மென்பொருளுக்குத் தமிழ் யூனிகோடு ஒத்து வராது, அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா உங்க புத்தகம், உங்க கவிதை, உங்க அப்பா எழுதி வச்ச குடும்பக் கதை அந்தக் கோப்புலயே கிடக்கக் கூடாது. சுரதா யாழ்வாணனோட பொங்குதமிழ் மாற்றி இருக்கு, என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் இருக்கு. எந்த ஃபான்ட்ல அடிச்சதுன்னு தெரிஞ்சா நிமிஷத்துல யூனிகோடு ஆயிடும். ஃபான்ட் பேர் மறந்து போறதுக்குள்ள மாத்திடுங்க. கடையில புத்தகம் போட்டா பி.டி.எஃப். மட்டும் வாங்கிட்டு வராதீங்க, மூலக் கோப்பும் ஃபான்ட் பேரும் கேட்டு வாங்குங்க.

மாத்தினதும் ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க. ஔ, ரி, ர். இந்த மூணும்தான் முதல்ல கண்ணுல படணும்.

கடைசியா பிள்ளைங்க. ஒரு குழந்தை தமிழ் எழுத இங்கிலீஷ் எழுத்தைத் தேடணும்ங்கிறதுல எனக்கு உடன்பாடே கிடையாது. இங்கிலீஷ்ல ஒரு எல், ஒரு ஆர், ஒரு என். நமக்கு ல, ள, ழ தனித்தனி. ர, ற தனித்தனி. ந, ன, ண தனித்தனி. தமிழ் 99-ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கீ, ஒரு விரல். "பழம்" அடிக்கிறப்ப எந்த ல-ன்னு அந்தப் பிள்ளை முடிவு பண்ணியே ஆகணும். எங்க வீட்ல அக்கா பையன் கேட்காமலே மூணு ல-வையும் பிரிச்சு எழுதுறான்னா அதுல இந்த கீபோர்டுக்கும் பங்கு உண்டுன்னு நான் உறுதியா நம்புறேன்.

அதனால, வீட்ல பத்து வயசுக்கு மேல ஒரு பிள்ளை இருந்தா இந்த லீவுலயே ஆரம்பிச்சு வையுங்க. நடு வரிசை, தினம் இருபது நிமிஷம். நீங்களும் பக்கத்துல உட்காருங்க. பாடட்டும்-ல மாட்டிக்கிட்டா அந்த அ-வை மறக்காதீங்க.